பழைய 100சிசி பைக் குலுக்கி எடுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹீரோ ஹோண்டா சிடி100, ஸ்பிளெண்டர், பேஷன், யமஹா ஆர்எக்ஸ்100, பஜாஜ் பாக்ஸர், டிவிஎஸ் விக்டர் என்று பதினைந்து, இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் ஓடிய வண்டிகள் இன்னும் ஆயிரக்கணக்கில் ரோட்டில் இருக்கின்றன. இன்ஜின் நன்றாக இருக்கும். ஆனால் பத்து கிலோமீட்டர் போய் இறங்கினால் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் மெக்கானிக் கடை வாசலில் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்கும் விதத்திலேயே தொகுத்திருக்கிறோம். டெலஸ்கோபிக் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும், குழாய்க்குள் குழாய் இறங்கும் இரண்டு கால்கள்), பின்னால் இரண்டு ஷாக், டிரம் பிரேக் உள்ள சிறிய பைக் எதற்கும் இது பொருந்தும்.

வண்டி ரொம்பத் தூக்கிப் போடுது. ஷாக் அப்சார்பர் போயிடுச்சா?

போயிருக்கலாம், ஆனால் அதை முதலில் சந்தேகப்படாதீர்கள். வண்டி எப்படி அடிக்கிறது என்று கவனித்தால் எதைக் கழற்ற வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். ஒட்டுப்போட்ட ரோட்டில் ஒவ்வொரு சின்ன மேட்டையும் கை, இடுப்பு எண்ணிக்கொண்டே வந்தால் அது காற்று, டயர் அல்லது ஃபோர்க் உள்ளே இருக்கும் இறுக்கம். பள்ளத்தில் விழும்போது மட்டும் இரும்பில் இரும்பு மோதுவது போல 'டண்' என்று கேட்டால், ஷாக்கோ ஃபோர்க்கோ கடைசி வரை போய்த் தட்டுகிறது. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கிய பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடினாலோ, சீட் உங்களை மேலே எறிந்தாலோ, ஷாக்கில் ஆயில் வேலை செய்யவில்லை.

அடி முன்னால் இருந்து வருகிறதா, பின்னால் இருந்து வருகிறதா என்பதையும் பிரித்துப் பாருங்கள். மணிக்கட்டிலும் தோளிலும் வலி என்றால் முன்பக்கம். இடுப்பும் தண்டுவடமும் என்றால் பின்பக்கம் அல்லது சீட். பின் ஷாக்கை மாற்றிவிட்டு முன்பக்கக் குலுக்கல் போகவில்லையே என்று வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர்.

அப்போ எந்த வரிசையில பார்க்கிறது?

செலவில்லாததில் தொடங்குங்கள். காற்று, டயரின் வயது, ரிம், ஸ்போக், ஃபோர்க் இறுக்கம், ஃபோர்க் ஆயில், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்), சுவிங் ஆர்ம் புஷ் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கையின் மூட்டில் உள்ள உறை), செயின், அதற்குப் பிறகு பின் ஷாக். சீட்டை இந்த வரிசைக்கு வெளியே தனியாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே ரோட்டில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் நாலு வேலை செய்துவிட்டால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

காற்று எவ்வளவு பிடிக்கணும்? கடையில கேட்டா ரெண்டு டயருக்கும் 40 வச்சு விடறாங்க.

குலுக்கல் புகார்களில் கணிசமானவை இந்த 40-இல் முடிந்துவிடும். ஸ்பிளெண்டர் வகை வண்டிக்கு முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் தனி ஆளுக்கு 28. பின்னால் 40-ஐ ஒட்டிய அளவு இரண்டு பேர் ஏறும்போது மட்டும்தான். உங்கள் வண்டிக்கான எண் மேனுவலில் இருக்கும். பல வண்டிகளில் செயின் கவரிலோ சுவிங் ஆர்மிலோ ஸ்டிக்கராகவும் ஒட்டியிருக்கும். தனியாகப் போகும்போது 2.75 அங்குல டயரில் 40 பிஎஸ்ஐ அடித்தால் டயர் மரச்சக்கரம் மாதிரி ஆகிவிடும். சின்னக் கல்லை டயர் அமுங்கி விழுங்க வேண்டும். அது அமுங்காவிட்டால் அந்த அடி நேராக ஃபோர்க்குக்குப் போகும். அவ்வளவு சின்ன, வேகமான அடிக்கு ஃபோர்க் அசைவதற்குள் அது உங்கள் கைக்கு வந்துவிடும்.

காற்றை, வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். வெயிலில் ஓடி வந்த டயர் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். கடைக்குக் கடை மீட்டர் வேறுபடுவதால் சொந்தமாக ஒரு பென்சில் மீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சொகுசுக்காக ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறைக்கவும் வேண்டாம். பள்ளத்தில் டியூப், ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

நைட்ரஜன் பிடிச்சா மெத்துனு இருக்குமா?

இருக்காது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். 28 பிஎஸ்ஐ நைட்ரஜனும் 28 பிஎஸ்ஐ காற்றும் ஓட்டுபவருக்கு ஒன்றுதான்.

டயர்ல பட்டன் நல்லாதானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?

குறைவாக ஓடும் பழைய வண்டிகளில் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் செத்துவிடும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3218 என்றால் 2018-ஆம் வருடம் 32-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டிய டயரில் கட்டை விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்து மீண்டால் உயிர் இருக்கிறது. பிளாஸ்டிக் போல வழுக்கினால் மாற்றுங்கள். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். குலுக்கலோடு மழையில் வழுக்குவதும் இந்த டயர்தான்.

வாங்கும்போது 4பிஆர், 6பிஆர் என்ற குறியை (பிளை ரேட்டிங், டயரின் அடுக்கு வலிமை) பாருங்கள். 6பிஆர் சுமை ஏற்றுபவர்களுக்கானது, பக்கச்சுவர் கெட்டி. தனியாக ஆபீஸ் போகிறவர் அதைப் போட்டால் சரியான காற்றிலும் முரட்டுத்தனம் தெரியும். மாட்டிய பிறகு, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் அது ரிம்முக்குள் மறைந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. சுற்றுக்கு ஒரு முறை குதிக்கும். காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி காற்றடித்தால் உட்கார்ந்துவிடும்.

ஒரு சைஸ் பெரிய டயர் போட்டா சொகுசா இருக்குமாமே?

பின்னால் 2.75-18-க்குப் பதில் 3.00-18 போட்டால் கொஞ்சம் பலன் உண்டு. டயருக்குள் காற்றின் அளவு கூடுவதால் அடி மட்டுப்படும். ஆனால் செயின் கவர், மட்கார்டு, சுவிங் ஆர்ம் மூன்றிலும் உரசாமல் இடம் இருக்கிறதா என்று, ஒருவரை ஏற்றி ஷாக்கை அமுக்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். ஒல்லி ரிம்மில் அகல டயர் பல்பு மாதிரி உப்பும், வளைவில் ஆடும், இன்ஜினுக்கும் சுமை. முன் டயரை மாற்றவே வேண்டாம். ஆர்எக்ஸ்100-இல் முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18 என்றுதான் வைத்தார்கள். அந்த வண்டி திரும்பும் லாவகத்தில் ஒல்லியான முன் டயருக்குப் பங்கு உண்டு.

ரிம் கோட்டத்துக்கும் குலுக்கலுக்கும் சம்பந்தம் உண்டா?

வேகம் கூடக் கூட ஒரே சீராக 'தட தட' என்று வந்தால் உண்டு. சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு ஸ்கெட்ச் பேனாவை ரிம் ஓரத்தில் பிடியுங்கள். பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் கோட்டம் எடுக்க வேண்டும். ஸ்போக்குகளைச் சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமானது 'டிங்' என்று ஒலிக்கும். தளர்ந்தது 'டொக்' என்று செத்த சத்தம் தரும். மேல்கீழ்க் கோட்டம்தான் குலுக்கலைத் தரும், எடுக்கக் கஷ்டமானதும் அதுதான். பள்ளத்தில் விழுந்து ரிம் ஓரம் தட்டையாகியிருந்தால் ஸ்போக்கை இழுத்துச் சரிசெய்ய முடியாது, ரிம்மையே மாற்றுங்கள்.

ரோடு அதிர்வா, இன்ஜின் அதிர்வான்னு எப்படிப் பிரிக்கிறது?

காலி ரோட்டில், அதிர்வு வரும் வேகத்தில் கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விடுங்கள். அதிர்வு உடனே மாறினால் இன்ஜின். மாறாமல் வேகம் குறையக் குறைய மெல்லக் குறைந்தால் சக்கரம், டயர். இன்ஜின் பக்கம் என்றால் முதலில் இன்ஜின் மவுண்டிங் போல்ட்டுகளையும் சைலன்சர் போல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள். அதைத் தாண்டினால் அது வேறு விஷயம்; சஸ்பென்ஷனில் எதைச் செய்தாலும் போகாது.

முன் ஃபோர்க் நல்லா இருக்கான்னு வீட்டுலயே பார்க்க முடியுமா?

முடியும். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பிரேக் பிடிக்காமல், ஹேண்டில்பாரை மெதுவாக அமுக்குங்கள். லேசான அழுத்தத்துக்கே ஃபோர்க் இறங்கத் தொடங்க வேண்டும். ஒரு அளவு வரை அசையாமல் நின்று, திடீரென்று 'பொசுக்' என்று இறங்கினால் உள்ளே இறுக்கம் இருக்கிறது. இதைத்தான் பலர் 'ஸ்பிரிங் ஹார்டா இருக்கு' என்று நினைக்கிறார்கள். இன்னொரு சோதனை: முன்பக்கத்தை மெதுவாக அமுக்கி மெதுவாக விட்டு, நிற்கும் உயரத்தைக் குறியுங்கள். பிறகு மேலே தூக்கி மெதுவாக விட்டுக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உராய்வு. 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பழைய வண்டிக்கு நல்லது. 20-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது.

இந்த இறுக்கத்துக்குப் பெரும்பாலும் காசு செலவில்லாத காரணம் ஒன்று உண்டு: பஞ்சர் ஒட்டி முன் சக்கரத்தை மாட்டும்போது இரண்டு ஃபோர்க் கால்களும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்த நிலையில் ஆக்சிலை (சக்கரத்தின் நடு அச்சு) இறுக்கிவிடுவது. ஆக்சில் நட்டையும் முன் மட்கார்டு போல்ட்டுகளையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். வண்டியைத் தரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னால் ஒரு செங்கல் வைத்து, ஃபோர்க்கை ஏழெட்டுத் தடவை நன்றாக அமுக்கி விடுங்கள். கால்கள் தானாக இணைக்கோட்டுக்கு வந்துவிடும். பிறகு முதலில் ஆக்சில் நட், அதற்குப் பிறகு மட்கார்டு போல்ட்டுகள். மட்கார்டு போல்ட் துளைக்கு நேராக வராமல் இழுத்து மாட்ட வேண்டியிருந்தால் மட்கார்டு பிராக்கெட் வளைந்திருக்கிறது. அதுவே ஃபோர்க்கைக் கவ்விப் பிடிக்கும். முடிப்பதற்கு முன், பிரேக் பேனலில் உள்ள பள்ளம் ஃபோர்க் பாட்டத்தில் உள்ள மேட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது உட்காராவிட்டால் பிரேக் பிடிக்கும்போது பேனல் சுழன்று சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

இதற்கும் சரியாகவில்லை, வண்டி எப்போதோ எங்கேயோ மோதியிருக்கிறது என்றால் ஃபோர்க்கின் உள்குழாயான பைப் வளைந்திருக்கலாம். பைப்பைக் கழற்றிக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் வளைவு. 0.2 மில்லிமீட்டர் கோட்டம் என்பதே சாதாரணமாக மேனுவல்களில் காணப்படும் எல்லை. வளைந்த பைப்பை நிமிர்த்திப் போடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. நிமிர்த்திய இடம் பலவீனமாகிவிடும்.

ஃபோர்க்ல லீக்கே இல்லை. ஆயில் எதுக்கு மாத்தணும்?

வெளியே வராவிட்டாலும் உள்ளே கெடும். புஷ் தேய்ந்த தூளும் ஈரமும் சேர்ந்து, சிவப்பாகவோ தேன் நிறமாகவோ ஊற்றிய ஆயில் வெள்ளிப் பெயிண்ட் கரைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் வரும்; கருவாட்டுக் கூடை போல வாடை அடிக்கும். பத்து வருடம் தொடாத ஃபோர்க்கைத் திறந்தவர்களுக்கு அந்த வாடை மறக்காது. வழுவழுப்புப் போன அந்தத் தண்ணீர் பைப்பையும் புஷ்ஷையும் அரைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருடம் அல்லது 20,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆயில், எவ்வளவு? மெக்கானிக் 20டபிள்யூ40 இன்ஜின் ஆயிலையே ஊத்தறாரு.

அது வேண்டாம். இந்த ஃபோர்க்கின் உள்ளே அளவு மாறாத சின்னச் சின்னத் துளைகள் வழியாக ஆயில் பிதுங்கிப் போவதுதான் ஆட்டத்தை அடக்குகிறது. அந்த மாதிரித் துளையில் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நாலு மடங்காகும். கெட்டியான ஆயிலை ஊற்றினால் மெதுவாக அமுக்கும்போது நன்றாகத்தான் தோன்றும். கூரான பள்ளத்தில் ஃபோர்க் வேகமாக இறங்க வேண்டிய கணத்தில் ஆயில் வழிவிடாமல் இரும்புக் கம்பி போல நின்றுவிடும். மேனுவலில் சொன்ன ஃபோர்க் ஆயிலை, பெரும்பாலும் 10டபிள்யூ, ஊற்றுங்கள். அது கிடைக்காத ஊரில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப் ஆயில் அதற்கு நெருக்கமானது; பல ஹோண்டா வண்டிகளுக்கு அதையே பரிந்துரைத்திருக்கிறார்கள்.

அளவு, 100சிசி வண்டிகளில் ஒரு காலுக்கு 150 மில்லியை ஒட்டி இருக்கும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும். மேனுவலில் இரண்டு எண் இருந்தால் குழம்ப வேண்டாம். குறைவானது வடித்துவிட்டு ஊற்றுவதற்கு. கூடுதலானது முழுக்கப் பிரித்துத் துடைத்து மாட்டிய பிறகு ஊற்றுவதற்கு. கண்ணளவில் ஊற்றாதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சு இதற்குப் போதும். அளவு கூடினால் மேலே காற்றுக்கு இடம் குறைந்து, அந்தக் காற்றே இன்னொரு ஸ்பிரிங்காகி ஃபோர்க் பாதியிலேயே கெட்டியாகும், சீலும் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) பிதுங்கும். குறைந்தால் ஃபோர்க் கடைசி வரை போய் அடி தட்டும். இரண்டு காலிலும் சமமாக இருப்பது முக்கியம்.

வேலை இப்படி: சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஒரு காலை முடித்த பிறகு மற்றதைத் தொடுங்கள். மேல் போல்ட்டைக் கழற்றும்போது முகத்தை விலக்கி, போல்ட்டை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே திருகுங்கள். ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு நிற்கும். ஸ்பிரிங்கின் நெருக்கமான சுற்று எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் டிரெய்ன் ஸ்க்ரூ உள்ள மாடல் என்றால் அதைத் திறந்து, ஃபோர்க்கை மெல்ல அமுக்கி வடியுங்கள். இல்லாவிட்டால் காலைக் கழற்றிக் கவிழ்க்க வேண்டும். புது ஆயில் ஊற்றியதும், ஸ்பிரிங்கைப் போடும் முன் பத்துத் தடவை மேலும் கீழும் இழுத்துக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். இரண்டு ஸ்பிரிங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஆயில் சீல் மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகலை, மறுபடி லீக் ஆகுது.

சீலில் குற்றம் இல்லை, பைப்பில் இருக்கிறது. பைப்பைத் துடைத்துவிட்டு விரல் நகத்தால் மேலிருந்து கீழே வருடுங்கள். நகம் எங்கே இடறுகிறதோ அங்கே துருப்புள்ளி. ஒவ்வொரு தடவை ஃபோர்க் இறங்கும்போதும் அந்தப் புள்ளி சீலின் உதட்டை அரம் போலச் சீவுகிறது. லேசான புள்ளியை ஆயில் தொட்ட 2000 நம்பர் எமரியால் தேய்த்து மழுக்கலாம். குழி விழுந்திருந்தால் ஹார்டு குரோம் போட வேண்டும் அல்லது புதுப் பைப். குழி சீல் போகாத மேல்பகுதியில் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். சீல் போடும்போது பைப்பின் மேல் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஆயில் தடவி இறக்குங்கள். விளிம்பில் பட்டே பாதி சீல் கிழிகிறது. முன் பிரேக் டிரம்மில் ஆயில் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்; ஆயில் ஊறிய பிரேக் ஷூவை மாற்றியே ஆக வேண்டும்.

பிரேக் பிடிச்சா முன்னாடி 'டக்'குனு ஒரு சத்தம், கைக்கும் தெரியுது.

பெரும்பாலும் கோன் செட். முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'கடக்' என்று ஆடினால் தளர்ந்திருக்கிறது. பிறகு ஹேண்டிலை ஒரு விரலால் இடம் வலமாகத் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால், பால்ஸ் (பேரிங்கின் இரும்புக் குண்டுகள்) தாங்கள் ஓடும் வளையமான ரேஸில் குழி பறித்துவிட்டன. இறுக்கினால் போகாது, ரேஸ், பால்ஸ் எல்லாம் செட்டாக மாற்றி, லித்தியம் கிரீஸ் நிறைய வைத்து மாட்ட வேண்டும். கழற்றும்போது மேலே எத்தனை பால்ஸ், கீழே எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கத்துக்குக் கணக்கு: ஆட்டம் இருக்கக் கூடாது, ஆனால் நடுவிலிருந்து லேசாகத் தள்ளினால் ஹேண்டில் தன் எடையிலேயே கடைசி வரை சாய வேண்டும்.

பின் ஷாக்ல அஞ்சு படி இருக்கே, எதுல வைக்கணும்?

ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைப்பது என்பதை மாற்றும் வளையத்தின் நிலைகள்தான் இந்தப் படிகள். முதலில் ஒரு தவறான நம்பிக்கை. படியைக் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகிறது என்பது சரியில்லை. ஸ்பிரிங் அதேதான், வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. ஆனால் ஒல்லியான ஆள் ஏறும் வண்டியில் அஞ்சாவது படி வைத்தால் அவர் எடைக்கு ஷாக் அசையவே அசையாது. அசையத் தொடங்குவதற்கே பெரிய அடி தேவைப்படும். அடி முடிந்து ஷாக் மறுபடி நீளும்போது மேல் எல்லையில் போய் முட்டும். அதனால்தான் கல்லு மாதிரி இருக்கிறது.

அளந்து வைப்பது சுலபம். சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தொங்கும்போது, ஆக்சிலிலிருந்து நேர் மேலே சீட்டுக்கு அடியில் ஒரு குறி வரை அளங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும்படி உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம், பின் சக்கரத்தின் மொத்த அசைவில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே இருக்க வேண்டும். 80 மில்லிமீட்டர் அசைவு என்றால் 20 முதல் 27. அதைவிடக் குறைவாக இறங்கினால் படியைக் குறையுங்கள். அதிகமாக இறங்கினால் கூட்டுங்கள். கடைசிப் படியிலும் அதிகமாக இறங்குகிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். துருப்பிடித்த படியைச் சுத்தியலால் அடிக்காமல், முதல் நாளே டீசல் தடவி ஊற விடுங்கள்.

ஷாக் போயிடுச்சுன்னு உறுதியா எப்படித் தெரியும்?

சீட்டின் பின்பகுதியை உடம்பு எடையால் அமுக்கிச் சட்டென்று விடுங்கள். மேலே வந்து நின்றுவிட்டால் நல்லது. மறுபடி இறங்கி ஏறினால் உள்ளே ஆயில் இல்லை. இருந்தாலும் ஒரு ஷாக் செத்து மற்றது மறைத்துக்கொண்டிருக்கலாம், ஆகவே கழற்றித் தனித்தனியாகப் பார்ப்பதே சரி. தரையில் கட்டை மேல் நிறுத்தி, எடையைப் போட்டு அமுக்குங்கள். இறங்குவது லேசாகவும், எழுவது அதைவிட மெதுவாகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும். நடுவே ஓரிடத்தில் பிடிமானமே இல்லாமல் 'சளக்' என்று போனால் ஆயில் குறைந்து காற்று புகுந்திருக்கிறது.

ஸ்பிரிங் இடுக்கு வழியாக ராடையும் பாருங்கள். ராடைச் சுற்றிக் கறுப்பு ரப்பர், முறுக்கு நொறுங்கிய மாதிரி துணுக்கு துணுக்காகக் கிடந்தால், அடி தட்டும்போது தாங்க வேண்டிய ரப்பர் போய்விட்டது. முதல் பதிலில் சொன்ன 'டண்' சத்தம் அங்கிருந்துதான்.

ஷாக்கைப் பிரிச்சு ஆயில் ஊத்தித் தர்றாங்களே, பண்ணலாமா?

இந்த வண்டிகளின் ஷாக் பிரிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல; வாயைக் கடைந்து திறந்து, சீல் மாற்றி, ஆயில் ஊற்றி மறுபடி மூடுகிறார்கள். ராடில் கீறலும் துருவும் இல்லாமல், வேலை தெரிந்தவர் செய்தால் ஓரளவு ஓடும். ஆனால் புது ஜோடி தாராளமாகக் கிடைக்கும் மாடலுக்கு அது தேவையற்ற அலைச்சல். உதிரி கிடைக்காத வண்டிக்கு மட்டும் செய்யுங்கள், இரண்டுக்கும் ஒரே ஆயில், ஒரே அளவு என்று கேட்டு வாங்குங்கள். பல்சரில் வந்த நைட்ராக்ஸ் போல வாயு அடைத்த ஷாக்கை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டவோ பற்றவைக்கவோ விடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது.

டப்பா வச்ச கேஸ் ஷாக் வாங்கிப் போட்டா?

விலை குறைந்தவற்றில் பலவற்றில், ஷாக்கின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்த வாயு டப்பா வெறும் அலங்காரம். உண்மையானதே என்றாலும் 150சிசி வண்டிக்குச் செய்த ஸ்பிரிங் உங்கள் வண்டிக்குக் கெட்டி; சொகுசுக்காக வாங்கி முரட்டுத்தனத்தைக் கூட்டிக்கொள்வீர்கள். கண்ணிலிருந்து கண் வரை (மேல், கீழ் போல்ட் துளைகளுக்கு நடுவே) நீளம் அசலோடு ஒத்துப்போக வேண்டும். 20 மில்லிமீட்டர் நீளம் கூடினாலே வண்டி முன்னால் கவிழ்ந்து நிற்கும், சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தரையைத் தொடும், செயின் சுவிங் ஆர்மில் உரசும். எங்கள் கருத்து: உங்கள் மாடலுக்கான கம்பெனி ஷாக்கே போதும்.

புது ஷாக் போட்டேன், அப்படியேதான் இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

ஷாக் அசைவதற்குச் சுவிங் ஆர்ம் வழிவிட வேண்டும். இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் தூக்கி இறக்குங்கள். எங்கும் பிடிக்காமல் நகர வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. துருவேறிப் பிடித்தால் நடு ராடு (சுவிங் ஆர்ம் சேஸில் மாட்டி அசையும் அச்சு) காய்ந்திருக்கிறது. இங்கே ஒரு நுணுக்கம்: ரப்பர் புஷ் உள்ள வண்டியில், நடு ராடு நட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். இறுகியதும் ரப்பர் அந்த நிலையிலேயே உறைந்துவிடும். வண்டியை இறக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு, கேட்காமலே ஒரு கூடுதல் ஸ்பிரிங்காக வேலை செய்யும், சீக்கிரம் கிழியும். நட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது இறுக்குங்கள். பல வண்டிகளில் இந்த ஒரு நட்டே பின்பக்கத்தை மாற்றிவிடுகிறது. பிளாஸ்டிக் புஷ் உள்ள வண்டி என்றால் கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸ் ஆகாது.

அடுத்து செயின். சுவிங் ஆர்ம் மேலே போகும்போது, முன் ஸ்ப்ராக்கெட், சுவிங் ஆர்ம் நடு ராடு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் இடத்தில் செயின் அதிகம் இறுகும். ஸ்டாண்டில் பார்த்து விறைப்பாக வைத்த செயின் அந்த இடத்தில் சக்கரத்தை மேலே போக விடாமல் கயிறு கட்டியது போல இழுக்கும். கியர்பாக்ஸ் பேரிங்கும் அடி வாங்கும். கீழ்ச் செயினின் நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் தொய்வு வைத்து, இருவர் உட்கார்ந்த பிறகும் கொஞ்சம் தொய்வு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சீட்டைக் குஷன் போட்டு உயர்த்தினா சரியாகாதா?

சீட் குலுக்கலைக் குறைக்கும், அடி தட்டுவதைக் குறைக்காது. பழைய ஃபோம் உயரம் குறையாத மாதிரி தெரிந்தாலும் உள்ளே தூளாகியிருக்கும். முஷ்டியால் அழுத்திப் பாருங்கள். அடித்தகடு கைக்குத் தட்டினால் ஃபோம் மாற்ற வேண்டும். கடையில் பல நிறத் துண்டுகளை ஒட்டிச் செய்த ரீபாண்டட் ஃபோம் போடுவார்கள்; உழைக்கும், ஆனால் பலகை மாதிரி இருக்கும். மாடலுக்கான அச்சு ஃபோம் கேளுங்கள். ரெக்சினை விறைப்பாக இழுத்து அடித்தால் நல்ல ஃபோமும் முரசு போல ஆகிவிடும். சீட்டைக் கழற்றும்போதே அடித்தகட்டில் உள்ள சின்ன ரப்பர் கட்டைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இரண்டு விழுந்துபோனாலே தகடு சேஸில் நேராக உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் கடத்தும்.

தனியா போனா அடிக்குது, வீட்டுக்காரங்களை ஏத்திக்கிட்டா நல்லா இருக்கு. என்ன கோளாறு?

கோளாறு இல்லாமலும் இருக்கலாம். இந்த வண்டிகள் இரண்டு பேரையும் சாமானையும் தாங்கும்படி செய்யப்பட்டவை. அறுபது கிலோ ஆள் தனியாகப் போனால் ஸ்பிரிங்குக்கு வேலை குறைவு. காற்று இருவருக்கான அளவில் இருக்கிறதா, படி மேலே இருக்கிறதா என்று மேலே சொன்னபடி பாருங்கள். இரண்டும் சரி என்றால் உராய்வைத் தேடுங்கள். எடை கூடும்போது ஷாக்கும் புஷ்ஷும் பிடித்துக்கொள்ளும் இறுக்கத்தை அந்த எடையே உடைத்துவிடுகிறது. தனியாகப் போகும்போது அது உடையாமல் நிற்கிறது.

எல்லாம் சரி பண்ணியாச்சு. ஆனா பெரிய பள்ளத்துல மட்டும் இன்னும் டண்ணுங்குது.

பள்ளத்துக்குள் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்குகிறீர்களா என்று கவனியுங்கள். முன் பிரேக் பிடித்ததும் ஃபோர்க் பாதி அசைவை ஏற்கெனவே தின்றுவிட்டு, பைப்பும் புஷ்ஷும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கும். பள்ளத்துக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, விளிம்பு வரும் கணத்தில் பிரேக்கை விட்டு, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றிச் சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளுங்கள். பின்னால் ஆக்சிலைத் தாண்டி நீட்டிய கேரியரில் பால் கேனோ மூட்டையோ ஏற்றுபவர்கள் அதை முடிந்தவரை முன்னால் கொண்டுவர வேண்டும். பின் ஷாக் தட்டுவதோடு முன் சக்கரமும் லேசாகி ஆடும்.

அதற்குப் பிறகும் முன்பக்கம் தட்டினால், ஃபோர்க் ஸ்பிரிங்கின் மேல் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள வாஷரை இரண்டு காலிலும் வைத்துப் பார்க்கலாம். 10-ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி, ஃபோர்க் முழுதாக இறங்குவதற்கு முன்பே நின்றுவிடும். வாஷர் வைத்த பிறகு மேல் போல்ட் பிசகாமல் மரையில் ஏறுகிறதா என்று கையால் இரண்டு சுற்று திருகிப் பார்த்த பின்பே ஸ்பேனரை எடுங்கள்.